வாடகைக் காருக்கு ஏற்றது என்று விற்கப்பட்ட ஜி.பி.எஸ். கருவி குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
மின்னணுச் சாதன விற்பனை நிறுவனம்,
சென்னை.

நாள்: 14.11.2024

பொருள்: 06.08.2024 அன்று வாங்கிய ஜி.பி.எஸ். கருவிக்கும் வரைபட அட்டைக்கும் செலுத்திய தொகையைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் சென்னைக் கிளையில் 7 அங்குலத் திரை கொண்ட ஜி.பி.எஸ். கருவியை 18,500 ரூபாய்க்கும், ஐரோப்பிய வரைபடம் ஏற்றிய மெமரி கார்டை 3,200 ரூபாய்க்கும் வாங்கினேன். செப்டம்பர் மாதம் நானும் என் மனைவியும் இத்தாலியில் பதினொரு நாள் நாங்களே கார் ஓட்டிச் செல்வதாக இருந்தோம். இதைத் தங்கள் விற்பனையாளரிடம் தெளிவாகச் சொல்லி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்ற பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் காட்டிய பிறகே, எந்தக் கருவி பொருந்தும் என்று கேட்டேன். அவர் தங்கள் விளம்பரக் கையேட்டைப் பிரித்து, 'வாடகைக் கார்களுக்கு மிகவும் ஏற்றது' என்ற வரியை விரலால் சுட்டிக் காட்டினார். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

அந்த வரியின் பொருள் இத்தாலியிலிருந்து திரும்பிய பிறகே எனக்குப் புரிந்தது. நம் ஊரில் வாடகைக் கார் என்றால் ஓட்டுநரோடு வரும் டாக்ஸி. டாக்ஸி வைத்திருப்பவர் இதைத் தம் காரில் ஒருமுறை பொருத்திவிட்டால் ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு விமான நிலையத்தில் யாரோ கொடுக்கும் காரை வாங்கி, சில நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவரின் தேவை முற்றிலும் வேறு. கையேட்டை எழுதியவர் முன்னவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம். ஆனால் என் தேவையைக் கேட்டறிந்த தங்கள் விற்பனையாளர் அதே வரியை எனக்குக் காட்டி விற்றதுதான் இந்தப் புகாருக்குக் காரணம்.

ரோம் நகரின் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் எங்களுக்குத் தரப்பட்ட முதல் காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட் கிடையாது, இரண்டு யு.எஸ்.பி. துளைகள் மட்டுமே இருந்தன. தங்கள் பெட்டியில் இருந்த கார் சார்ஜரோ அந்த சாக்கெட்டில் மட்டுமே செருகக் கூடியது. கணினியில் இணைப்பதற்கென்று கொடுத்திருந்த கேபிளைக் காரின் யு.எஸ்.பி. துளையில் செருகியதும், கருவி காரையே கணினி என்று எடுத்துக்கொண்டு, வரைபடத்தை மறைத்து 'கணினியுடன் இணைக்கப்பட்டுள்ளது' என்ற படத்தைக் காட்டியபடி நின்றுவிட்டது. கேபிளைப் பிடுங்கினால் வரைபடம் வரும், ஆனால் மின்கலம் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. அன்று நாங்கள் போக வேண்டியிருந்தது ஏறக்குறைய 230 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சியன்னாவுக்கு. பாதி வழியில் திரை அணைந்தபின், என் மனைவி சாலைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்து வழி சொன்னதால்தான் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் அங்கே ஒரு பவர் பேங்க் வாங்கிச் சமாளித்தேன். அந்தச் செலவை நான் இங்கே கேட்கவில்லை.

கருவியை நிறுத்தும் தாங்கியும் இதே கதைதான். டேஷ்போர்டில் வைப்பதற்காகத் தாங்கள் தந்திருக்கும் வட்டத் தகட்டின் அடியில் பசை இருக்கிறது. அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கிறது. பிறர் காரில் அதை எப்படி ஒட்டுவது? ஒட்டிவிட்டுக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது டேஷ்போர்டுக்கு யார் பணம் கட்டுவது? தகடு இல்லாமல், தாங்கியில் உள்ள உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம் சொரசொரப்பான டேஷ்போர்டில் பிடிக்காது. ஆகவே முன் கண்ணாடி ஒன்றே மிச்சம். அதிலும் சிக்கல் காத்திருந்தது.

ஃப்ளோரன்ஸில் முதல் காரை ஒப்படைத்து, ரயிலில் வெரோனா சென்று, அங்கிருந்து டோலமைட் மலைப்பகுதிக்குப் போக இரண்டாவது காரை எடுத்தோம். இதில் லைட்டர் சாக்கெட் இருந்தது, அப்பாடா என்றிருந்தது. ஆனால் வெயிலின் சூட்டைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சு பூசிய முன் கண்ணாடி அந்தக் காரில். அத்தகைய கண்ணாடி சூட்டோடு செயற்கைக்கோள் சமிக்ஞையையும் மறித்துவிடும். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும் அந்தச் சமிக்ஞை ஏற்கெனவே மிகவும் பலவீனமானது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது தென்பட்டால்தான் கருவி தன் இடத்தைச் சரியாகக் கணிக்கும். சுங்கச்சாவடி அட்டை ஒட்டுவதற்காகப் பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் பூச்சில்லாத சிறு பகுதி விட்டிருப்பார்கள். 7 அங்குலக் கருவியை அங்கே மாட்டினால் ஓட்டுபவருக்குச் சாலை தெரியாது. வெளி ஆன்டெனா செருகும் வசதி இந்தக் கருவியில் இல்லை. மலைப்பாதை வளைவுகளில் என் மனைவி பக்கத்து ஜன்னலோரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

குறையல்லாததைக் குறை என்று சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ரோம் விமான நிலைய வாகன நிறுத்தக் கட்டடத்துக்குள் கருவி வெகுநேரம் விழித்துக்கொண்டிருந்தது. திருச்சியில் அணைத்ததை அவ்வளவு தொலைவில் இயக்கினால், திறந்த வெளியில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். இதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். ஃப்ளோரன்ஸ் நகரின் பழைய பகுதிக்குள் வெளியார் வாகனங்கள் அனுமதியின்றி நுழையக் கூடாது. கருவி அதற்குள்ளேயே வழி காட்டியது. எல்லையிலிருந்த மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று எழுதியிருந்ததை, வழி திறந்திருக்கிறது என்று நான் தவறாக எடுத்துக்கொண்டேன். தடை நடப்பில் இருக்கிறது, நுழையும் வாகனங்களைப் படமெடுக்கும் கேமரா வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். கார் நிறுவனம் என் விவரங்களைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை இப்போதே பிடித்துக்கொண்டது. வெளிநாட்டவருக்கு அபராதச் சீட்டு அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு என்பதால் அதை இன்னும் எதிர்பார்த்திருக்கிறேன். பலகையைப் புரிந்துகொள்ளாதது என் தவறு. அந்த அபராதத்தைத் தங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

ஊர் திரும்பியபின் தங்கள் சேவை மையத்தை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். முதல் இரண்டு முறை, கருவி பழுதில்லாமல் இயங்குவதால் திரும்பப் பெற இயலாது என்றார்கள். மூன்றாம் முறை பேசியவர், "கைபேசியிலேயே வழி பார்த்திருக்கலாமே, சார்" என்றார். உண்மைதான். அதைத் தங்கள் கிளையில் 21,700 ரூபாயை வாங்கிக்கொள்வதற்கு முன் சொல்லியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

கருவி இயங்குகிறது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பயனுக்கென்று சொல்லி விற்றீர்களோ அதற்கு அது உதவவில்லை என்பதே என் முறையீடு. ஆகவே, கருவியையும் மெமரி கார்டையும் அவற்றின் பெட்டி, சார்ஜர், தாங்கி ஆகியவற்றுடன் பெற்றுக்கொண்டு, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் முழுத் தொகையான 21,700 ரூபாயைத் திருப்பித் தருமாறும், கையேட்டில் உள்ள அந்த வரியை நீக்குமாறும், அல்லது எந்த வகை வாடகைக் கார் என்று விளக்கி எழுதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நுகர்வோர் தாம் வசிக்கும் ஊரிலேயே முறையிட வழி செய்திருப்பதால், திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் குறித்து மனு அளிப்பேன். ரசீதின் நகலையும், கையேட்டின் அந்தப் பக்கத்தையும், இரண்டு கார்களிலும் எடுத்த படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்