முறுக்கினால் அணைந்துபோகும் வண்டி

மண்டபம்,
ஆடி முதல் வாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சுகம். தடைக்காலம் ஜூன் நடுவில் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. ஆனால் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று இந்த வருடமும் விடவில்லை. காற்று ஏறும் நாட்களில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள், படகெல்லாம் கரையிலேயே ஆடிக்கொண்டு நிற்கிறது.

சரி, உன் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, மெதுவாக ஓட்டினால் குறையே இல்லை, ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கினால் மட்டும் திணறி அணைந்துவிடுகிறது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடுகிற கார்ப்ரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு எதையும் மாற்றாதே. எப்படி அணைகிறது என்று கவனித்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். இழுவை குறைந்து, தயங்கி, இரண்டு மூன்று முறை குலுங்கிவிட்டு நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பட்டென்று அணைந்தால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். படகு இன்ஜினோடு இத்தனை வருடம் கிடந்ததில் இந்த ஒரு வித்தியாசம் என்னை ரொம்ப அலைச்சலிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

என் மச்சான் கதையைக் கேள். ராமேஸ்வரத்தில் மீன் எடுத்து, பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் சந்தைக்குப் போகிறவன். அவனுடையதும் உன்னுடையதைப் போலப் பழைய 100 சிசி வண்டிதான். கடைத்தெருவில் நாள் முழுக்க ஓடும். பாம்பன் பாலத்தில் ஏறினால் நடுவில் நின்றுவிடும். ஒரு நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டு உதைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போய்த் திரும்ப நிற்கும். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற அந்தப் பாலத்தில் இப்படி நிற்பது எவ்வளவு ஆபத்து என்று உனக்குத் தெரியும். ஒரு இடத்தில் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலை மாற்று என்றார்கள், இன்னொரு இடத்தில் இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார்கள்.

பாலத்தில் மட்டும் ஏன்? கடைத்தெருவில் யாரும் கால்வாசிக்கு மேல் முறுக்குவதில்லை. பாலத்தில் மீன் பெட்டிப் பாரம், எதிரே இடப்பக்கமாக அறைகிற கச்சான், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஒரே முறுக்கு. இன்ஜின் கேட்கிற பெட்ரோல் பல மடங்காகிவிடும். கார்ப்ரேட்டரில் பெட்ரோல் போக ஒரே வழி இல்லை, மாப்பிள்ளை. சும்மா நிற்கும்போது ஸ்லோ ஜெட் என்கிற சின்னத் துளைத் திருகு கொடுக்கிறது. நடு முறுக்கில் ஊசி அளந்து விடுகிறது. முக்காலுக்கு மேல் போனால் மெயின் ஜெட்டின் துளைதான் எல்லை. கார்ப்ரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கிற மிதவைக் கிண்ணமோ சின்னது. டேங்கிலிருந்து வருவதைவிட வேகமாக அது காலியானால் இன்ஜின் நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆவது, அதற்குள் கிண்ணம் மறுபடி நிரம்பிவிடுவதால்தான்.

மச்சானின் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மழைத் தண்ணீரும் மணலும் போகக்கூடாது என்று மூடிக்கு அடியில் பாலிதீன் பையை வைத்து இறுக்கியிருந்தான். அங்கேதான் கோளாறு. அந்த மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை உண்டு. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தானே வரும்? டேங்கும் அப்படித்தான். ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் வருவதற்குள் உள்ளே வெற்றிடம் கூடிவிடும். பாலத்தில் ஏறி முறுக்கும்போது பெட்ரோல் இறங்க மறுக்கும். பையை எடுத்தோம், மூடித் துளையில் அடைந்திருந்த உப்பையும் மணலையும் ஊதி எடுத்தோம். இப்போது பெட்டி நிறைய மீனோடு பாலத்தை ஒரே மூச்சில் தாண்டுகிறான்.

உன் வண்டியிலும் முதல் வேலையாக இதைப் பார். நின்றவுடன் மூடியைத் திற. ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் துளை அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் அடுத்து, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பக்கத்தில் பீடி நெருப்புகூட இல்லாத இடத்தில், பெட்ரோல் டேப்பைத் திறந்து வைத்து மிதவைக் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் பிடி. கிண்ணத்தில் இருந்தது தீர்ந்த பிறகும் ஒழுக்கு விடாமல் வர வேண்டும். சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் டேப் சல்லடையிலோ குழாயிலோ, கிண்ணத்தின் வாசலை மூடித் திறக்கிற மிதவை ஊசி உட்காரும் இடத்திலோ அடைப்பு. பாட்டிலின் அடியையும் பார். தண்ணீர் தனியாக நின்றாலோ துருத்தூள் கிடந்தாலோ டேங்கைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் அதோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும்.

ஒழுக்கு நன்றாக இருந்தால் எனக்கு மெயின் ஜெட் மேல்தான் சந்தேகம். உன் வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றது என்று எழுதியிருக்கிறாயே, பெட்ரோல் காய்ந்து அந்தத் துளையில் பிசினாகப் பிடித்திருக்கும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அதில் கம்பியை விட்டுக் குத்த யாரையும் விடாதே. பித்தளைத் துளை கொஞ்சம் பெரிதானாலும் அளவு போய்விடும். கார்ப்ரேட்டர் கிளீனரில் ஊறப்போட்டுக் காற்றடித்தால் போதும்.

இதற்கிடையில் இரண்டு சோதனை செய்யலாம். திணற ஆரம்பிக்கும்போது, காற்றைக் குறைக்கிற சோக்கைக் கொஞ்சம் இழு. சட்டென்று தெம்பு வந்தால் பெட்ரோல் குறைவுதான். இன்னும் மோசமானால் ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். அப்புறம், ஆள் இல்லாத ரோட்டில் முழு முறுக்கில் திணறும் அந்த நொடியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரம் கட்டு. ஆறவிட்டு பிளக்கைக் கழற்று. அதன் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், காப்பி நிறமாக இருந்தால் கலவை சரி. சூடானால் பட்டென்று அணைந்து, ஆறினால் ஓடுகிறது என்றால் மட்டும் காயில், தீப்பொறி நேரத்தைப் பார்த்துக்கொள்கிற சிடிஐ பெட்டி பக்கம் போகலாம். நின்ற உடனேயே பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

இதெல்லாம் முடியும்வரை வேகமாக ஓட்டாதே. பெட்ரோல் குறைவாகவே வந்து முழு முறுக்கில் ஓடினால் பிஸ்டன் அளவுக்கு மேல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நிஜமாகவே இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

2025 ஏப்ரலில் பாம்பனில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை ஓடுகிறது. புரட்டாசிக்குள் குடும்பத்தோடு வா. பிளக் என்ன நிறத்தில் இருந்தது, பாட்டிலில் என்ன தங்கியது என்று முதலில் எழுது. அதைப் பார்த்துத்தான் அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் கூட்டாளி