இரிடியம் என்று பெட்டியில் போட்டிருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பைக்குக்கு இரிடியம் பிளக் (பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில், பொறி பாயும் முனை இரிடியம் உலோகத்தால் ஆன வகை) போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். பாதிக்குத்தான் தலையாட்ட முடிகிறது.

சாதா பிளக்கில் இருக்கும் நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியத்துக்கு 2,446 டிகிரி வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் 2.5 மில்லிமீட்டர் பருமனாக இருந்த நடு எலக்ட்ரோடை (பொறி பாயும் நடுக்கம்பியை) 0.6, 0.4 மில்லிமீட்டர் என ஊசியாக்கிவிட்டார்கள். ஊசிமுனையில் பொறி சுலபமாகப் பாயும், காலை ஸ்டார்ட்டிங்கும் நன்றாக இருக்கும். அதுவரை சரி.

ஆனால் பொறிக்கு இரண்டு முனை உண்டே! வளைந்து நிற்கும் சைடு எலக்ட்ரோடு பல இரிடியம் பிளக்குகளில் நிக்கல்தான். நடுமுனை தேயாமல் நிற்கும், சைடு அரித்து, இரண்டுக்கும் நடுவில் பொறி தாண்டும் கேப் அகலமாகிவிடும். என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸ், டென்சோ இரிடியம் பவர் இரண்டும் இந்த ரகம். நல்ல பொறிக்காகச் செய்தவை, ஆயுளுக்காக அல்ல. உழைப்பு வேண்டுமென்றால் சைடு முனையிலும் பிளாட்டினம் பதித்த என்ஜிகே லேசர் இரிடியம், டென்சோ இரிடியம் டஃப் மாதிரி வகைகளில் நம் வண்டிக்குரிய எண் வருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லா பைக்குக்கும் வராது.

கட்டுரையில் சொன்ன ஒரு லட்சம் கிலோமீட்டர், கார் கணக்கு. பல ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் கிராங்க் (என்ஜினின் சுழல்தண்டு) சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழும். அதில் பாதி, புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போவது. போதாததற்கு பைக் என்ஜின் காரைவிட அதிக ஆர்பிஎம்மில் ஓடுகிறது. அதே பிளக் இங்கே அவ்வளவு தூரம் எப்படி வரும்?

பிராண்டு மாற்றும்போது இன்னொரு வம்பு இருக்கிறது. என்ஜிகேயில் எண் ஏற ஏற பிளக் 'கோல்டு' ஆகும், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடும். பாஷ் கம்பெனி பிளக்கில் எண் ஏறினால் 'ஹாட்', சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இது தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கி, சூடு தாங்காமல் பீங்கான் வெளுத்துப்போன பிளக்கோடு வருகிறவர்கள் உண்டு. கம்பெனி புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு நிகரானதை அட்டவணையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எண்ணில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ரெசிஸ்டர் பிளக், அதாவது பொறியால் வரும் மின் இரைச்சலை உள்ளே ஒரு மின்தடை வைத்து அடக்குவது. எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் அதை விட்டுவிட்டு வேறு போட்டால், என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ குழம்பக்கூடும்.

பிஸ்டன் ரிங் தேய்ந்து, பெட்ரோல் எரியும் இடத்துக்கு ஆயில் ஏறும் வண்டிக்கு இரிடியம் வைத்தியம் அல்ல. கரி பிடித்து அதுவும் அடைத்துக்கொள்ளும். அந்த வாடிக்கையாளரிடம் நான் சாதா பிளக்கே போதும் என்பேன். மிச்சமாகும் காசை ரிங்குக்கு எடுத்து வைக்கட்டும். இன்னொன்று: சாதா பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பதுபோல இரிடியத்தைத் தேய்த்தால் அந்த ஊசிமுனை போயே போய்விடும். எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைச் செய்கிறார்கள்.

அடுத்த முறை விலைப்பட்டியல் போடும்போது, சைடு எலக்ட்ரோடு எந்த உலோகம் என்று ஒரு கட்டமும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக் ஒருவர்,
விருதுநகர்.