மாமூல் என்று அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'தள்ளுவண்டிக்காரர்களிடம் மாமூல் வாங்கிய ஊழியர் கைது' என்று கடந்த வாரம் உங்கள் கிருஷ்ணகிரி பதிப்பில் தலைப்பிட்டிருந்தீர்கள். கைதானதில் மகிழ்ச்சி. தலைப்புதான் உறுத்துகிறது. பத்திரம் எழுதியே பிழைத்தவன் நான். ஒரு சொல் பிசகினால் நான்கு எல்லையும் வழக்குக்குப் போய்விடும் தொழில் அது.

மாமூல் அரபிச் சொல். பாரசீகம், உருது வழியாக வந்து, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி ஆகியவற்றோடு சேர்ந்து நம்மிடம் தங்கிவிட்டது. 'சட்டம் அமலுக்கு வந்தது' என்கிறோமே, அந்த அமலும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. அமல் என்றால் செயல்; மாமூல் என்றால் செய்துவரப்படுவது, வழக்கம். பாசன நீரைப் பங்கிடும் பழைய வழக்கத்தை எழுதிவைத்த ஆவணத்துக்கு மாமூல்நாமா என்றே பெயர். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. என்ன விசேஷம் என்று யாராவது கேட்டால் 'மாமூலே' என்போம், எப்போதும் போலத்தான் என்ற பொருளில். கன்னடக்காரர் 'மாமூலி' என்பார். ஆக, ஒருவர் மாமூல் கேட்கும்போது 'வழக்கமாக எனக்கு வரவேண்டியது' என்று பாத்தியதை கொண்டாடுகிறார். மேற்கோள் குறிகூட இல்லாமல் அதை நீங்கள் அச்சிட்டால், அந்தப் பாத்தியதையை நீங்களும் ஒப்புக்கொண்டதாகிறது.

வாங்கியவர் அரசு ஊழியர் என்றால் லஞ்சம், ரவுடி என்றால் பணப் பறிப்பு என்று எழுதுங்களேன். கன்னடத்தில் லஞ்ச, தெலுங்கிலும் லஞ்சம். தேன்கனிக்கோட்டைச் சந்தையில் யார் காதில் விழுந்தாலும் புரியும். கையூட்டு என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை மேடையில்தான் கேட்டிருக்கிறேன். கொடுப்பவரோ வாங்குபவரோ சொல்லிக் கேட்டதில்லை.

உண்மையில் அவர்கள் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. பத்திரச் செலவுச் சீட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், எழுத்துக் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை இருக்கும். கடைசி வரியில் 'இதர' என்று மூன்றே எழுத்து. எழுத்துக் கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டும் மனிதர், 'இதர'வுக்கு வந்ததும் மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணுவார்.

ஊழல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஊழிலிருந்து வந்த சொல், ஆகவே நம் தலைவிதி என்று ஒரு வாசகர் இதே பகுதியில் எழுதியிருந்தார். வேர் சரி, விளக்கம் சரியில்லை. ஊழ்த்தல் என்பதற்கு மலர்தல், முதிர்தல், பதம் கெடுதல் என்ற பொருள்கள் உண்டு. 'இணரூழ்த்தும் நாறா மலரனையர்' என்ற 650ஆம் குறளில் அது பூத்தலைக் குறிக்கிறது. மாங்காய் மண்டியில் அடிக்கூடையில் கிடக்கும் பெங்களூரா, காம்படியில் கருத்து, விரல் பட்டால் அமுங்கிப் புளித்த நீர் வடியுமே, அந்த நிலைக்கான சொல் ஊழல். விதியை ஏன் இழுக்க வேண்டும்? கூடையைக் கவனிக்காமல் விட்டது யார் என்று கேட்கலாம்.

இன்னொரு வேடிக்கை. ஆயிரம் ரூபாய் வாங்கிய கடைநிலை ஊழியர் என்றால், ரசாயனம் தடவிய நோட்டு, கை நனைத்த கரைசல் இளஞ்சிவப்பானது வரை உங்கள் செய்தியில் வந்துவிடுகிறது. தொகை கோடியைத் தொட்டதும் அது 'முறைகேடு' ஆகிவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் முந்துவதும் முறைகேடுதானே ஐயா?

1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் தெரிவித்தால் அந்தப் பிரிவு அவர்மீது பாயாது. மாமூல்தானே என்று நினைத்துக் கொடுக்கும் தள்ளுவண்டிக்காரருக்கு இது எப்படித் தெரியும்? இத்தகைய கைதுச் செய்திகளுக்குக் கீழே இந்த விவரத்தை இரண்டு வரியில் போடுங்கள். இடமில்லை என்றால் என் கடிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.