வடம் கட்டித் தந்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

பேரன்புடையீர், வணக்கம்.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியின் ஆண்டு விழா சென்ற சனிக்கிழமை மாலை நல்லபடியாக நடந்து முடிந்தது. விழாவுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது எங்கள் அரங்கம் எப்படிப் பயன்படாமல் போனது என்பது இந்தக் கரையோரத்தில் இருக்கும் அனைவருக்கும் தெரியும் என்பதால் அதை மறுபடியும் எழுதப் போவதில்லை. பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். அந்த இரவில் செய்தி கேட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

விழாவை நிறுத்திவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், ஊர்ப் பெரியவர்கள் கடற்கரையில் இருக்கும் வலை பின்னும் கூடத்தைத் திறந்து விடுவதாகச் சொன்னார்கள். எல்லோரும் மகிழ்ந்தார்கள், எனக்கு மட்டும் உள்ளூரக் கவலை. காரணம், எனக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பள்ளி வளாகத்தில் எங்கள் பிள்ளைகள் ஓடுவார்கள், ஒளிந்து விளையாடுவார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் காலடி ஓசையும், சமையற்கட்டின் தாளிப்பு வாசனையும், வேப்பமரத்தடிக் குளுமையும் அங்கே அவர்களுக்கு வழி சொல்லும். கடற்கரையில் இவற்றில் ஒன்றும் இல்லை. அலையும் காற்றும் மற்ற ஓசைகளை விழுங்கிவிடும். எதிரொலி தருவதற்குச் சுவர் இருக்காது. மணலில் வெள்ளைக்கோல் புதையுமே தவிர, எதையும் சொல்லாது. வேன் நிற்கும் சாலையிலிருந்து கூடம்வரை பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக எத்தனை பேர் வேண்டும் என்று ஆசிரியர்கள் நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இடம் பார்ப்பதற்காக வியாழக்கிழமை மாலை பத்துப் பிள்ளைகளோடு நான் அங்கே போயிருந்தேன். கூடத்தின் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் கிடக்கிறது. அவருக்கு வருமானமும் இல்லை. அந்த மனிதர் எழுந்து வந்து, என்னிடம் பேசாமல் வரிசையில் கடைசியாக நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமியிடம், "ஆத்தா, ஒரு கயிறு கட்டிவிட்டா நீயா நடந்து வந்துருவியா?" என்று கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "ஓடியே வந்துருவேன் தாத்தா" என்றாள்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது சவுக்குக் கம்புகள் நட்டு முடிந்திருந்தன. முதலில் அவர் கட்டியது நைலான் கயிறு. அதே சிறுமி அதில் கையை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, வேகமாக வந்தால் உள்ளங்கை சுடுகிறது என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை என்று உடன் வந்த ஆசிரியை சொன்னார். கட்டியதை அவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர், முன்பு கரைவலை இழுத்த காலத்துத் தென்னை நார் வடத்தைத் தோளில் சுமந்து வந்தார். பழைய வடம், உப்பும் பாசியும் மணத்தது. நார்ப்பிசிறு குத்தும் என்று ஈரச் சாக்கை வைத்து அதை நீளம் முழுக்க அழுத்தித் தேய்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தேய்ப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, என் கையை வாங்கி வடத்தின்மேல் வைத்து, "இப்ப எப்படி சார்?" என்பார். மூன்றாவது முறைதான் நான் 'சரி' என்றேன்.

பிறகு முடிச்சுகள். பத்து எட்டுக்கு ஒரு முடிச்சு, திருப்பத்தில் இரண்டு, படிக்கு முன்னால் மூன்று என்று அவரும் பிள்ளைகளும் பேசி வைத்துக்கொண்டார்கள். பிரெயிலில் முதல் புள்ளி தனியாக நின்றால் 'அ', மேலிருந்து கீழாக மூன்று புள்ளிகள் ஒரே வரிசையில் வந்தால் 'ல'. எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க 'அ'வும் 'ல'வும் எழுதியிருக்கீங்க" என்றான். அவர் தனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும் என்றார். மூன்று முடிச்சு போட்டால் கல்யாணம்தான் என்று சமையற்கார அக்கா சொல்ல, கூடமே சிரித்தது. விழாவைப் பற்றிய கவலை எனக்கு அந்தச் சிரிப்பில்தான் போயிற்று.

கம்பில் வடம் கட்டிய உயரத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்பளவில் கட்டியது பெரிய பையன்களுக்குத் தொடையில் இடித்ததால், அவர்களுக்கென்று மேலே இன்னொரு வரிசை கட்டினார். மேடையில் விளிம்புக்கு இரண்டு முழம் முன்னதாக ஜமுக்காளத்துக்கு அடியில் மெல்லிய கயிறு ஒன்றையும் நீளமாக வைத்துத் தைத்துவிட்டார். வெறுங்காலோடு கோலாட்டம் ஆடுகிற பிள்ளைக்கு, அந்தக் கயிறு பாதத்தில் தட்டுப்பட்டால் அதற்கு மேல் போகக் கூடாது என்று தெரிந்துவிடும். எங்கள் பழைய அரங்கத்தில் இப்படி ஒன்று கிடையாது. மேடையோரத்தில் இரண்டு ஆசிரியர்கள் கையை விரித்துக்கொண்டு நிற்பதுதான் இத்தனை ஆண்டுகளாக எங்கள் ஏற்பாடு.

சனிக்கிழமை மாலை வேன் வந்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி, வடத்தில் கை வைத்து, முடிச்சை எண்ணி எண்ணித் தாமாகவே நடந்து போனார்கள். நானும் போனேன். சாலையிலிருந்து மேடைப்படிவரை எனக்கு எண்பத்தேழு எட்டு. ஐம்பத்தொரு வயதில், முன்பின் பழகாத ஓர் இடத்தில், என் முழங்கையை யாரும் பிடிக்காமல் நான் நடந்த எண்பத்தேழு எட்டு அது. கோலாட்டத்தில் ஒருமுறைகூடக் கழி தவறவில்லை. கழியோடு கழி மோதும் ஓசையே ஆடுகிறவர்களுக்கு வழிகாட்டி என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அது எப்போதும் நன்றாக வரும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் பாடி முடிக்கும்போது இருட்டிவிட்டது என்றார்கள்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். நாற்காலியும் பந்தலும் தந்த ஜமாத்தார், ஒலிபெருக்கியையும் ஜெனரேட்டரையும் அனுப்பிவைத்த தேவாலயத்தினர், கோயில் மடப்பள்ளியில் புளியோதரை செய்து தந்தவர்கள், விடியற்காலையில் பாசி எடுக்கப் போய்விட்டு வந்து அதே ஈரச் சேலையோடு பணியாரம் சுட உட்கார்ந்த மகளிர் குழுப் பெண்கள், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிகள், இரண்டு நாள் உறங்காத மின்வாரியத் தோழர்கள், பொதுத்தேர்வில் எங்கள் பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்துவிட்டு விழாவுக்கும் வந்து முன்வரிசையில் கைதட்டியவர்கள் என ஒவ்வொருவருக்கும் பள்ளி கடன்பட்டிருக்கிறது. விட்டுப்போனவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளாமல் சொல்லி அனுப்பினால் அடுத்த மடலில் சேர்த்துவிடுகிறேன்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல அனுமதிக்க வேண்டும். உதவ வருகிறவர்கள் எங்கள் கையைச் சட்டென்று பிடித்து இழுப்பதும், தோளில் தட்டி "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று குரலை மாற்றிக் கேட்பதும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அன்பினால்தான் செய்கிறார்கள் என்பதால் சிரித்துவிட்டு இருந்துவிடுவோம். அந்தப் பெரியவர் ஒருமுறைகூட எந்தப் பிள்ளையின் கையையும் கேட்காமல் தொடவில்லை. ஆனால் குறையை வெளியாரிடம் மட்டும் தேடுவதில் பொருளில்லை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 அன்று, நம் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் பிறந்தநாளையும் வெள்ளைக்கோல் நாளையும் ஒன்றாகக் கொண்டாடி, துணையின்றி நடப்பது பற்றி மேடையில் நான் நீட்டி முழக்குகிறேன். அதே நான்தான், பார்வையில்லாத ஆசிரியனாக இருந்தும், இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளை ஒருவர் தோளை ஒருவர் பிடிக்கவைத்து ரயில்பெட்டி போல மேடையேற்றி இறக்கியிருக்கிறேன். அவர்களிடம் எப்படி வசதி என்று நான் கேட்டதே இல்லை. இனி அந்த வரிசை எங்கள் பள்ளியில் இருக்காது. இது தலைமையாசிரியரின் ஒப்புதலோடு நான் எழுதும் உறுதி.

தன் பெயரை எழுதக் கூடாது என்று அந்தப் பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பணமும் வாங்கவில்லை, பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டபோது, அது கடலில் கட்ட உதவாது என்று சொல்லிவிட்டுக் கூடத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி தான் பிரெயில் பலகையில் எழுத்தாணியால் குத்தி எழுதிய தாள் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் இருந்த இரண்டு வரியை அவள் விரலை ஓட்டிப் படித்துக் காட்ட, அவர் தாளை வாங்கித் தன் விரலாலும் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். என்ன எழுதினாய் என்று கேட்டேன். அது தாத்தாவுக்கு எழுதியது என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வடத்தை அவிழ்த்துச் சுருட்டி அவர் வீட்டில் சேர்த்துவிட்டோம். முடிச்சுகளை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பள்ளி திறந்ததும், தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போவதற்கு முன், விடுதியிலிருந்து புதிய வகுப்பறைவரை கட்டித் தருவதாகச் சொன்னார். அவருக்கு உதவியாகச் சவுக்குக் கம்பு தரக்கூடியவர்கள் பள்ளி அலுவலகத்தில் சொல்லிவைக்கலாம். முப்பது கம்பு வரை தேவைப்படும்.

ஜமாத்தார் தந்த நாற்காலிகளில் இரண்டு குறைகின்றன. யாரேனும் கைமறதியாக எடுத்துப்போயிருந்தால் கூடத்தில் சேர்த்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
தமிழாசிரியர்