கயல்விழிக்கு, எழுதச் சொல்லி

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மொட்டை மாடியில் வடகம் போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஜெர்மனியின் லைப்சிக்கில் செவிலியராக நீ பார்த்த முதல் இரவுப் பணியைப் பற்றி நீ எழுதி அனுப்பியதை இருவரும் திரும்பத் திரும்பப் படித்தோம். இதை இணையத்தில் உனக்கென ஒரு வலைப்பூ (பிளாக்) தொடங்கி எழுது என்றேன். "அதெல்லாம் முடிந்துபோன காலம், இப்போது யாரப்பா படிக்கிறார்கள்?" என்று கேட்டாய். போனில் எனக்குக் கோவையாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மதுரை கோரிப்பாளையத்தில் நாம் வைத்திருந்த பிரவுசிங் சென்டர் உனக்கு மங்கலாக நினைவிருக்கும். தேர்வு முடிவு பார்க்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும்தான் பெரும்பாலும் வருவார்கள். 2005 வாக்கில் வேறு விதமான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உட்கார்ந்தால் எழமாட்டார்கள், தமிழில் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அதற்கு முன் இணையத்தில் தமிழ் எழுதுவது பெரும்பாடு. தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு. அது நம் கணினியில் இல்லாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவிய பிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பை என்ற இலவச மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் போட்டுவைத்தேன். வலைப்பூ எழுத இடம் தரும் பிளாகர் தளம் 1999இல் தொடங்கியது; அதைக் கூகுள் 2003இல் வாங்கியது. அதே ஆண்டில் வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளும் வந்தது. பிளாகரில் எழுதக் காசும் வேண்டாம், கணினிப் படிப்பும் வேண்டாம். 2004இல் தமிழ் வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தளம் வந்ததும், யார் எங்கிருந்து எழுதினாலும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது.

வசதி வந்தது சரி, எதற்காக எழுதினார்கள்? பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் வாரம் தவறாமல் வருவார். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பற்றி எழுதுவார்: எந்த மடை எந்த வயலுக்கு, கலுங்கு எப்போது மறுகால் பாயும், தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு ஊர் எவ்வளவு நெல் அளந்தது என்றெல்லாம். பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரைகள் அவை. ஒருநாள் டொராண்டோவிலிருந்து ஒருவர், "அந்த மடையில்தான் நான் நீச்சல் பழகினேன், ஐயா" என்று பதில் எழுதியிருந்தார். அதை அச்செடுத்துத் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் காட்ட வேண்டும் என்று கிளம்பினார். திருநகரிலிருந்து ஓர் அம்மாள் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார், புனைபெயரில் எழுதுவார். என்ன எழுதினார் என்று நான் கேட்டதில்லை. "வீட்டில் யாரும் என்னைக் கேட்காததை அங்கே கேட்கிறார்கள்" என்று ஒருமுறை அவராகவே சொன்னார்.

இந்த ஆசை கணினியோடு பிறந்ததும் அல்ல. நம் வத்தலக்குண்டில் வளர்ந்த எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்ற இலக்கிய இதழைத் தொடங்கிக் கைக்காசைப் போட்டு நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். தன்னிடம் இருப்பது தன்னோடு போய்விடக் கூடாது என்ற தவிப்பு அது. கடையில் நான் பார்த்த முகங்களிலும் அதுதான் இருந்தது.

பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வந்ததும் பலர் அங்கே போய்விட்டது உண்மைதான். அங்கே உடனே பாராட்டு கிடைக்கிறது. ஆனால் போன ஆண்டு அங்கே எழுதிய ஒன்றை முன்பின் தெரியாத ஒருவர் தேடி எடுக்கட்டும், பார்க்கலாம். நீ புறப்படுமுன் இரவெல்லாம் எதைத் தேடினாய், அம்மா? பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, நம் செவிலியர் சான்றிதழை ஜெர்மனியில் எப்படி ஏற்பார்கள், ஏஜெண்டு கேட்கும் பணம் நியாயம்தானா? அங்கே வேலை பார்க்கும் ஒரு செவிலியர் தமிழில் எழுதியது ஒன்றுகூட உன் கண்ணில் படவில்லை. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இன்றைக்கும் ஒரு பெண் அதையே தேடிக்கொண்டிருப்பாள். அவளுடைய அப்பா நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். உன் எழுத்து அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். நூறு பேர் படிக்காவிட்டாலும் அந்த ஒருத்தி படித்தால் போதும் எனக்கு.

நோயாளிகளின் பெயர், நோய், அறை எண் எதையும் எழுதாதே; மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். எழுதியதற்கெல்லாம் ஒரு நகல் உன் கணினியில் இருக்கட்டும். இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009இல் மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போய்விட்டன. யாராவது வசைபாடினால் நீக்கிவிட்டு உன் வேலையைப் பார்.

முதலில் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி எழுது. எதற்கு எவ்வளவு, எதைக் கொடுத்திருக்கவே வேண்டாம் என்று பிரித்து எழுது. ரசீதுகள் என் பீரோவில் இருக்கின்றன. நாளைக்கே படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா