மலை நடத்திய கச்சேரிகள்: ஒரு நன்றி மடல்

கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும், மலையேறி வந்து வாசித்த கலைஞர்களுக்கும், உட்கார்ந்து கேட்ட எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

2025 ஏப்ரல், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் விடுதியில் நடந்த கோடைக் கச்சேரிகள் முடிந்துவிட்டன. கிளம்பும்போது நிறையப் பேர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "ரொம்ப நல்லா நடத்துனீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல் எங்களிடமே தங்கிவிடுவது நியாயமில்லை. இடம் எங்களுடையது, அவ்வளவுதான். ஹட்டி என்று இங்கே சொல்லும் பக்கத்துப் படகர் ஊரிலும் ஜீப் ஸ்டாண்டிலும் சமையல்கட்டிலும் இருந்தவர்கள்தான் இதை நடத்தினார்கள். யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கீழ்ச்சரிவில் இருக்கும் ஹட்டிக்கு. மலையில் சத்தம் எப்படிப் போகும் என்று இங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். இந்தச் சரிவில் ஒருவர் கூப்பிட்டால் எதிர்ச்சரிவில் ஆள் திரும்பிப் பார்ப்பார். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்கின்றன. ஆனால் இங்கே இருட்டும்போதே கணக்கு வேறு. பொழுது சாய்ந்தால் காட்டு மாடு தேயிலைக்குள் இறங்கும், கரடி நடமாடும். அந்த நேரத்தில் பாட்டும் விளக்கும் கூட்டமுமாக இருந்தால், திரும்பி நடந்து போகிறவர்களுக்கும் ஆபத்து, விலங்குக்கும் தொல்லை. அனுமதிக் கடிதத்தோடு நாங்கள் போனபோது ஊர்ப் பெரியவர்கள் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடிப்பது என்ற ஏற்பாடு அவர்கள் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்றதும் அவர்கள்தான். இலை பறிக்கப் போகிற பெண்களுக்கு அன்றுதான் ஓய்வு, அவர்களும் வந்து கேட்கட்டுமே என்றார்கள்.

வந்தார்கள். அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு ஒதுக்கி வைத்த முன்வரிசையை முதல் வாரமே மாற்றினோம். வாரம் முழுக்கக் கூடையைச் சுமந்து, பச்சை இலை விலை ஏறுமா இறங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிற வீடுகளிலிருந்து வந்த அக்காமார்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்த விருந்தினர்கள் முகம் சுளிக்காமல் பின்னால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கும் தனியாக ஒரு நன்றி.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மைக் செட் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் தொழிலில் சத்தம் கூடக் கூடத்தான் பேர். இங்கே இரண்டே சின்ன ஸ்பீக்கர், அதையும் பள்ளத்தைப் பார்க்க விடாமல் மேட்டுப் பக்கம் திருப்பி வைத்தார். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் கடைசி நாற்காலி வரைக்கும் நடந்துபோய், நின்று கேட்டு, இன்னும் கொஞ்சம் குறைத்தார். தம்புராவின் ஒலி பின்வரிசைக்குக் காதோரமாக வந்து சேர்ந்தது. நல்ல காது உள்ளவர் கையில் கருவி இருந்தால் என்ன ஆகும் என்பதை அன்று கேட்டோம்.

அப்புறம் சமையல்கட்டு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருந்தவர்கள் பார்க்காதது இதுதான். கோடையில்கூட மதியத்துக்கு மேல் மூடுபனி புல்வெளிக்கு வந்துவிடும். காற்றில் ஈரம் ஏறினால் மிருதங்கத்தின் தோல் தளரும், சுருதி இறங்கும். கோவை வெயிலில் சுருதி சேர்த்து எடுத்து வந்த வாத்தியம் இங்கே வந்து அரை மணியில் வேறு குரலில் பேசும். முதல் வாரம் வித்வான் வலப்பக்கத் தோலான வலந்தலையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கவலையோடு நின்றார். எங்கள் சமையல்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. விறகடுப்புக்கு அடுத்த அறையில் மளிகைச் சாமான்களை ஒதுக்கி, இரண்டு மிருதங்கத்தையும் ஜமுக்காளத்தில் கிடத்தச் சொன்னார். அடுப்புச் சூடு நேராகப் படாது, அறை மட்டும் காய்ந்து இதமாக இருக்கும். அதற்குப் பிறகு அந்த அறைக்கு வாத்திய அறை என்றே பேராகிவிட்டது. இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்புவதற்கு ரவை வேண்டும் என்றபோது, சன்ன ரவையா பெரிய ரவையா என்று கேட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்து பதம் காட்டி, வித்வான் தலையாட்டும் வரைக்கும் விடவில்லை. அன்றைக்கு, தாளக் கருவி மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், தொப்பி கொடுத்த அந்தக் கும்மென்ற நாதத்தில் அவர் பங்கு இருக்கிறது. மழைக்கு ஒதுங்கியவர்களுக்கு வர்க்கியும் டீயும், வாசித்து முடித்தவர்களுக்குச் சூடான ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்ததும் அதே கைதான்.

குழலும் இதே சிக்கலில்தான் வந்து நின்றது. காற்று குளிர்ந்தால் அதில் ஒலி போகும் வேகம் குறையும், குழலின் சுருதி இறங்கும். சமவெளியில் சரியாகச் சேர்ந்த குழலும் வயலினும் இங்கே ஒன்றையொன்று உரசின. வயலின் வாசித்த அம்மையார், "குழல்தான் மூச்சில் பேசுகிறது, நான் இறங்கி வருகிறேன்" என்று தன் தந்திகளைத் தளர்த்தி, சுருதிப் பெட்டியையும் குறைத்துவைத்து, மறுபடி முழுதாகச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிடித்த நேரம் முழுக்கச் சபை அமைதியாகக் காத்திருந்தது. காத்திருந்தவர்களுக்கும் நன்றி. சுருதி சேருவதைக் கேட்பதும் கச்சேரி கேட்பதில் சேர்த்திதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

பறைக் குழுத் தம்பிகள் வந்த ஞாயிறு எல்லோருக்கும் நினைவிருக்கும். பறைக்கு முறுக்கி இறுக்க வாரும் இல்லை, திருகும் இல்லை, தீயில் காட்டிக் காய்ச்சினால்தான் தோல் இறுகும். கீழே ஊர்களில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். இங்கே நெல் ஏது, வைக்கோல் ஏது? பனியில் ஒரு பாட்டுக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டியிருந்தது. ஹட்டியிலிருந்து இரண்டு தாத்தாக்கள் கவாத்து வெட்டிக் காயப்போட்டிருந்த தேயிலை மிளாறைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து போட்டார்கள். வீட்டு அடுப்புக்கு என்று சேர்த்து வைத்திருந்த விறகு அது. காசு கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டு, "ஆட விடுங்க, பாக்கணும்" என்றார்கள்.

இந்தக் கோடையில் எங்களுக்குக் கிடைத்த பெரிய பேறு, இந்த மலையின் பழங்குடிகளான கோத்தரின் வாத்தியக் குழு வந்து வாசித்தது. நீலகிரியில் கோத்தர் ஊர்கள் ஏழு. இரும்பு, மரம், மண் என்று மலைக்கு வேண்டியதைச் செய்து கொடுத்த கைகள் அவர்களுடையவை. மலையின் வாத்தியக்காரர்களும் அவர்களே. முன்பு படகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் வீட்டுச் சாவுக்கும் அவர்களுடைய குழலும் கொம்பும் பறையும் வந்து ஒலிப்பது வழக்கமாக இருந்தது. அழைக்கப் போனபோது அவர்கள் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள். தெய்வத்துக்கு வாசிப்பது தெய்வத்துக்கு, சாவுக்கு வாசிப்பது சாவுக்கு, இரண்டும் விடுதிப் புல்வெளிக்கு வராது. ஆட்டத்துக்கு உரியதை வாசிக்கிறோம் என்றார்கள். எதை எங்கே வாசிப்பது என்பதில் அவ்வளவு உறுதி வைத்திருக்கிறவர்களை இந்தக் காலத்தில் பார்ப்பது அரிது. அவர்கள் வகுத்த எல்லையிலேயே அந்த மாலை நடந்தது. வீடியோ எடுக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டதும் ஒருவர் விடாமல் போனைப் பையில் போட்டீர்கள். பெண்கள் வட்டமாக ஆடினார்கள், வட்டம் பெரிதாக இடம் வேண்டியிருந்தபோது நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனீர்கள். ஹட்டிப் பெரியவர்கள் கடைசிவரை எழுந்திருக்காமல் கேட்டார்கள். அந்தக் குழுவுக்கு எவ்வளவு சொன்னாலும் எங்களுக்குப் போதாது.

வீணைக் கச்சேரி அன்று மழை வந்தது. பழைய எஸ்டேட் பங்களாக்களைப் போல எங்கள் முன்கூடத்துக்கும் தகரக் கூரை. கோடை மழை தகரத்தில் விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, வீணை எங்கே கேட்கும்? சாப்பாட்டு அறைக்கு ஓட்டுக்கூரை, அதற்கு அடியில் மரப்பலகை அடித்திருக்கும். யாரும் சொல்லாமலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேசைகளைத் தள்ளிப் பாய் விரித்துவிட்டார்கள். வீணைக்காரர் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார், சபை அவரைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தது. தந்தியை இழுத்துவிட்ட பிறகு மிச்சமாக நிற்கும் அந்தச் சின்ன நாதம்வரை கேட்டது. இனி வீணை என்றால் அந்த அறைதான், மழை வந்தாலும் வராவிட்டாலும்.

போக்குவரத்து விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியவர்கள் ஜீப் ஓட்டுநர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் நாளொன்றுக்கு, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வண்டிகளுக்குத்தான் இ-பாஸ் கொடுத்தார்கள். மலைக்கு இந்தக் கட்டுப்பாடு தேவைதான், இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இ-பாஸ் வேண்டியிருக்கவில்லை. அதனால் நம் ஊர் ஜீப்புகள் மேட்டுப்பாளையம் வரை இறங்கிப்போய்க் கலைஞர்களையும் வாத்தியங்களையும் அழைத்து வந்தன. சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகத்தான் வரும். அந்த நெரிசலுக்கு எதிராக, தம்புராவையும் வீணையையும் மடியில் குழந்தையைப்போல் வைத்திருந்தவர்களைக் குலுக்காமல் மேலே கொண்டுவந்து சேர்ப்பது சாதாரண வேலை இல்லை. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடந்த வார இறுதியில்கூட ஒரு கச்சேரியும் தாமதமாகத் தொடங்கவில்லை. பேருந்து பிடித்துத் தாங்களாகவே வந்து சேர்ந்த கேட்பவர்களுக்கும், எங்கள் கடிதங்களுக்கு உடனுக்குடன் பதில் தந்த காவல் நிலையத்தாருக்கும், ஊராட்சிக்கும், நாற்காலிகள் தந்த பள்ளிக்கும் நன்றி.

பாட்டுகளின் பதிப்புரிமை விஷயத்தைப் பார்த்துக்கொடுத்த வக்கீல் நண்பருக்கும் ஒரு வார்த்தை. இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு வரை பாட்டுக்கு உரிமை உண்டு. சங்கீத மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளுக்கு உரிமை கேட்க ஆள் இல்லை. 1973-ல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உண்டு. பட்டியலை ஒவ்வொரு வாரமும் வாங்கிப் பார்த்து, எதற்கு உரிமம் எடுக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். இயற்றியவர் வீட்டுக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்தது என்ற நிம்மதி அவரால் வந்தது.

கடைசிக் கச்சேரி மே 25. நாதஸ்வரம், தவில். தஞ்சைப் பக்கத்துக் குழு, முந்தின நாளே மேட்டுப்பாளையம் வந்து இறங்கிவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்துக்கு வரும் தென்மேற்குப் பருவமழை 2025-ல் மே 24-லேயே வந்தது. 2009-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு முன்னால் வந்ததில்லை. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை. மலைப்பாதையில் ஒருவரையும் ஏறச் சொல்வதற்கில்லை, நிறுத்திவிட்டோம். அன்று ஹட்டி இளைஞர்கள் செய்ததை எப்படிச் சொல்வது? வருவதாக இருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, கிளம்பியவர்களைப் பாதியில் நிறுத்தி, விடியற்காலையில் எங்கள் பாதையில் சாய்ந்து கிடந்த சில்வர் ஓக் மரத்தை மழையிலேயே அறுத்து ஒதுக்கினார்கள். உள்ளே தங்கியிருந்த விருந்தினர்களுக்கு வழி திறந்தது அதனால்தான்.

நாதஸ்வரக் குழுவுக்குப் பேசிய சம்பாவனையை முழுதாக அனுப்பினோம். வாசிக்காமல் வாங்க மாட்டோம் என்று பெரியவர் மறுத்தார். கடைசியில் மழை ஓய்ந்ததும் வந்து வாசிப்பதற்கு முன்பணம் என்று சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தோம். மலைக்குளிருக்கு ஏற்ற சீவாளிகளை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளை, தனியாகப் பொறுக்கி எடுத்து வைத்திருப்பதாகவும், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்த நாயனத்தைத்தான் கொண்டுவருவதாகவும் போனில் சொன்னார். நுழைவுச் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர நாங்கள் அழைத்தபோது, உங்களில் பெரும்பாலானோர் அதைத் தவில்காரர்களுக்குச் சேர்த்துவிடச் சொன்னீர்கள். அப்படியே சேர்த்துவிட்டோம்.

மே 25 சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அந்தக் கச்சேரிக்கு அதுவே செல்லும். தேதி முடிவானதும் முதலில் ஹட்டியில் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் ஒவ்வொருவரையும் அழைப்போம். நாயனத்துக்கு மைக் கிடையாது என்று பெரியவர் இப்போதே சொல்லிவிட்டார். மைக் செட் அண்ணனைக் கேட்பவராக அழைத்திருக்கிறோம், அவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

மிகுந்த நன்றியுடன்,
விடுதிக் குடும்பத்தார்
கோத்தகிரி