பட்டாசுக்கு ஒரு இடமும் நேரமும் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முன்பே மலையகப் பிரதேச சபைகள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வீடுகளாய்க் குடியிருக்கும் லயத்து வாசலில் பட்டாசு கொளுத்துவதைத் தடை செய்து, தோட்டத்துக்கு ஒரு மைதானத்தை அதற்கென்று ஒதுக்க வேண்டும்.

ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பரா, நடுச்சுவர் பல லயங்களில் கூரை வரை போவதே இல்லை, மேலே அடுக்கிய விறகு, ஒழுகாமலிருக்கக் கட்டிய பொலித்தீன், உள்ளே கேஸ் சிலிண்டர். வாணம் ஒன்று தவறி உள்ளே விழுந்தால், தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து அந்த ஒடுங்கிய பாதையில் ஏறி வருவதற்குள் தொங்கல் காம்பராவில் பிடித்த தீ மறு தொங்கலுக்குப் போய்விடும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் புத்தகம் எதுவும் மிஞ்சாது, அப்புறம் அந்தக் குடும்பங்கள் பாடசாலையிலோ மண்டபத்திலோ கிடக்க வேண்டும். லயத் தீக்கு மின்கசிவுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். சரி, லயத்து வயரிங்கை மாற்ற வருடங்கள் ஆகும், பட்டாசுக்கு ஒரு தீர்மானம் போதுமே.

ஒலிபெருக்கியை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை போடக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சீனவெடிக்கும் அதே நேரத்தை வையுங்கள். விடிந்ததும் மலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தைகளும் தூங்க வேண்டாமா?

தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று சபைகள் முன்பு சொல்லும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இல் திருத்திய பிறகு அந்தப் பதில் செல்லாது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளைக் கேட்டு வாங்கியதே இப்படியான வேலைகளுக்குத்தான். பட்டாசு விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் கடைகளில் போய்ப் பாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு விற்பதை நிறுத்துங்கள்.

வெடி பண்டிகையோடு முடிவதில்லை. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிண்டிவிட்டால் உழைப்பெல்லாம் போச்சு, அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். அதற்காக உணவுக்குள், கடித்ததும் வெடிக்கும் ஹக்கபட்டாஸ் வைப்பதையும், கம்பியில் பட்டதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு கட்டுவதையும் ஏற்க முடியாது, இரண்டும் சட்டவிரோதம். கட்டுத்துவக்கின் கம்பியில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணின் கால் பட்டாலும் அது வெடிக்கும். சுருக்குக் கம்பியும் அப்படித்தான், 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் அதில் மாட்டிய கருஞ்சிறுத்தை சிகிச்சை கொடுத்தும் சில நாட்களில் செத்துப்போனது. பயிரைக் காக்கத் துவக்கு வேண்டுமென்றால் முறைப்படி விண்ணப்பிக்கலாம், வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். இந்த நடைமுறையைத் தமிழில் எழுதிப் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒட்டினால் என்ன? எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு அறிவித்தலை நான் கண்டதே இல்லை.

சபை உறுப்பினர்களே, அடுத்த அமர்வில் இதைப் பிரேரணையாகக் கொண்டு வாருங்கள். தோட்ட நிர்வாகத்திடம் மைதானத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. அதைத் துப்பரவாக்கவும், அன்றிரவு தண்ணீர் வாளியோடு காவல் நிற்கவும் தோட்டத்து இளைஞர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தோட்ட வாசகர் ஒருவர்,
மஸ்கெலியா.